ரெகுலஸின் மறுப்பும் சிறைமாற்றின் அறமும்

பகைவர் கையகப்பட்ட வீரன் ஒருவனை மீட்பதற்காக, நம் சிறையிலுள்ள பகைவரை விடுவித்தல் தகுமா என்னும் வினா எழுந்தபோதெல்லாம் மேலைநாட்டார் எடுத்துக்காட்டி வந்தது ரெகுலஸ் என்னும் உரோமத் தலைவனின் கதையாகும். அதனைச் சிசரோ தம் கடமைகள் பற்றிய உரைநூலின் மூன்றாம் பகுதியிலும் (கி.மு. 44), ஹோரேஸ் தம் பாடற்றொகுதி மூன்றாம் பகுதியின் ஐந்தாம் பாட்டிலும் (கி.மு. 23) எடுத்தாண்டுள்ளனர். இருவரும் ஒரே அறத்தையே கூறினர் எனக் கொள்வாருளர். யாம் அவ்வாறு கருதவில்லை. கதை ஒன்றே, ஆயினும் அஃது உரைநூலினின்று பாட்டிற்குச் சென்றபோது அதன் அறம் மாறிவிட்டது.

கதை சுருக்கமானது. கார்த்தேஜுடன் நிகழ்ந்த முதற் பெரும்போரில், கி.மு. 256-இல் கான்சலாயிருந்த ரெகுலஸ் ஆப்பிரிக்கக் கரையில் படையிறக்கி வென்றான். மறு ஆண்டே, ஸ்பார்ட்டாவிலிருந்து வந்த சாந்திப்பஸ் என்பான் நடத்திய கார்த்தேஜியப் படையிடம் தோற்றுச் சிறைப்பட்டான். சில ஆண்டு கழிந்தபின் கார்த்தேஜியர் சிறைமாற்றை வேண்டி அவனையே உரோமுக்குத் தூது விடுத்தனர். அது கைகூடாவிடில் மீண்டு வருவதாக அவனிடம் சூள் பெற்றனர். அவனோ செனட்டுச் சபையில் சிறைமாற்று வேண்டா என்று வாதாடி, சொன்னபடியே மீண்டு சென்று, கொடுமைக்காளாகி இறந்தான் என்பர்.

சிசரோ இக் கதையை எடுத்தது, பகைவனுக்குக் கொடுத்த சொல்லும் சொல்லே என்பதை நாட்டுதற்கு. எனினும் கற்பார் பலர் விரைந்து கடந்துவிடும் ஓரிடத்தில் அவர் வேறொன்று கூறுகின்றார். அவன் மீண்டு சென்றது இன்று நமக்கு வியப்பாகத் தோன்றினும், அக்காலத்தில் அவன் வேறு செய்திருக்க இயலாது. சிறையாளரை விடலாகாது என்று கருத்துரைத்ததே வியப்புக்குரியது என்கின்றார். அக் கருத்துக்கு அவன் காட்டும் காரணமோ ஒரு கணக்கு. கார்த்தேஜியச் சிறையாளர் இளைஞர், திறமிக்க படைத்தலைவர். தானோ முதுமையால் தளர்ந்தவன். தன்னைத் தானே துலாத்தட்டில் இட்டு நிறுத்து, எடை குறைவெனக் கண்டவன் கூற்று இது. பிறன் ஒருவன் உயிர் அத்தட்டில் இல்லை.

ஹோரேஸிடம் இத்துலாக்கோல் மறைந்துவிடுகின்றது. கி.மு. 53-இல் காரே களத்தில் கிராசஸ் தோற்றபோது பார்த்தியரிடம் பிடிபட்ட உரோம வீரர், அந்நாட்டுப் பெண்டிரை மணந்து அங்கேயே மூத்துப்போயினர் என்னும் மானவுணர்ச்சியே அவர் பாட்டின் தோற்றுவாய். ஆதலின் அவர் படைத்த ரெகுலஸ் தன் முதுமையைப் பேசவில்லை. படைக்கலம் கீழே வைத்த உரோம வீரரைப் பேசுகின்றான். சாயமேறிய கம்பளி பழைய நிறத்தைப் பெறாதவாறு போல, பொன் கொடுத்து மீட்கப்பட்ட வீரனும் இழந்த மறத்தைப் பெறான் என்பது அவன் வாதம். உரோமர் வசமிருந்த கார்த்தேஜியர் யாவர், எத்துணையர் என்பது பாட்டில் எங்கும் இல்லை. விலை பற்றிய வினா மானம் பற்றிய வினாவாகிவிட்டது.

பாட்டின் இறுதிக் காட்சி மிக உயர்ந்தது. மனைவியையும் சிறுமக்களையும் விலக்கி, தடுத்து நிற்கும் சுற்றத்தை ஒதுக்கி, நெடிய வழக்கொன்றை முடித்துவிட்டு நாட்டுப்புற வீட்டிற்கு ஓய்வாகச் செல்வான் போல் அவன் கொலைக்களம் நோக்கிச் செல்கின்றான். இக் காட்சியின் ஆற்றலே முன்னே வந்த வாதத்தையும் தாங்கி நிற்கின்றது. பிரித்து நோக்கின் வாதம் மெலிது. ஒருகால் தோற்றவன் மீண்டும் வெல்லான் என்பதற்குக் கம்பளி போன்ற உவமையன்றி வேறு சான்று இல்லை.

நம் இலக்கண மரபு தந்த சொற்களால் கூறின், சிசரோவின் ரெகுலஸ் தன்மையிடத்தில் மறுக்கின்றான். ஹோரேஸின் ரெகுலஸ் படர்க்கையிடத்தில் மறுக்கின்றான். முன்னது ஈகை. பின்னது பிறர்மேல் விதிக்கும் தண்டம். சிசரோவும் இவ் வேறுபாட்டை முற்றக் காத்தாரல்லர். அடுத்த சில பக்கங்களிலேயே, கி.மு. 216-இல் கான்னே தோல்விக்குப்பின் ஹானிபாலிடம் சிக்கிய எண்ணாயிரவரைச் சிறுதொகை கொடுத்து மீட்கக்கூடியதாயிருந்தும் செனட்டு மீட்கவில்லை என்பதையும், வெல்க அல்லது மடிக என்று படைஞர்க்குக் கற்பித்ததையும் அவர் பாராட்டுகின்றார். அவ் வெண்ணாயிரவருள் எவரும் தம்மை மீட்க வேண்டா என்று சொல்லவில்லை. மீட்குமாறு தூது விடுத்தவர் அவர்.

இனி, கதையின் உண்மை. ரெகுலஸ் சிறைப்பட்டதை விரிவாக எழுதிய பொலிபியஸ் அவன் தூதினைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. தியோதோரஸ் நூலின் எஞ்சிய பகுதியொன்று, ரெகுலஸின் மனைவி தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட கார்த்தேஜியச் சிறையாளர் இருவரை வதைப்பித்தாள் என்றும், அவருள் ஒருவன் இறந்தான் என்றும் கூறுகின்றது. அக் கொடுமையை மறைக்கவே ரெகுலஸ் வதைபட்டு இறந்த கதை புனையப்பட்டது என்று ஆய்வாளர் சிலர் ஐயுறுவர். இத்தகைய முரண் நமக்குப் புதிதன்று. கணைக்கால் இரும்பொறை குடவாயிற் கோட்டத்துச் சிறையில், காலந்தாழ்த்துத் தந்த நீரைப் பருகாது உயிர்நீத்தான் என்பது புறநானூற்று 74-ஆம் பாட்டின் பழங்குறிப்பு. பொய்கையார் களவழி பாடி அவனைச் சிறைவீடு செய்தார் என்பது மற்றொரு வழக்கு. உரோமர் மீட்பை மறுத்த ஒருவனை வேண்டினர். நம்மவர் பாட்டால் மீட்கப்பட்ட ஒருவனை வேண்டினர். சிறையாளன் முடிவைப் பிற்காலத்தார் தம் வேட்கைக்கேற்ப எழுதிக்கொள்வது இரு மொழியிலும் நிகழ்ந்துள்ளது.

படர்க்கையில் மறுப்பதற்கும் தக்க காரணம் இருத்தல் கூடும். அதனை ஹோரேஸினும் யூதர்தம் மிஷ்னா நன்கு உணர்ந்தது. சிறையாளரை அவர்தம் மதிப்பினும் மிகுதியாகக் கொடுத்து மீட்கலாகாது என்று விதிக்கும் அந்நூல், மானத்தைப் பேசாது உலக ஒழுங்கைக் காரணமாகக் காட்டுகின்றது. பொதுமக்கள்மேல் சுமையேறும் என்பதனாலா, மேலும் பலரைப் பிடிக்கப் பகைவர் துணிவர் என்பதனாலா என்று வினவும் தல்மூது, முடிவு கூறாது விட்டுவிடுகின்றது.

இவ்வினா ஏட்டளவில் நின்றதன்று. 2006 ஜூன் 25-இல் காசா எல்லையில் ஹமாஸ் முதலிய குழுவினரால் பிடிபட்ட இஸ்ரேலிய வீரன் கிலாத் ஷாலித்துக்கு அப்போது வயது 19. ரெகுலஸைப்போல் பதவியை விரும்பி ஏற்றவன் அல்லன். கட்டாயப் படைப்பணியில் இருந்தவன். 2011 அக்டோபர் 18-இல் அவன் விடுதலையானான். மாற்றாக விடப்படவிருந்தோர் 1,027 பேர். முதல் தொகுதியில் வெளிவந்த யஹ்யா சின்வார், 2023 அக்டோபர் 7 தாக்குதலை வகுத்தோருள் தலையாயவர். பின்விளைவு கொண்டு முன்செயலைப் பழித்தல் எளிது. யாம் அதனைச் செய்யவில்லை. கட்டாயப்படுத்தி அனுப்பிய அரசு, அனுப்பப்பட்டவனை நோக்கி ரெகுலஸாகுக என்று கூறும் உரிமையுடையதன்று என்பது எம் கருத்து. ஆயினும் மாற்றை ஏற்போர் பக்கத்திலும் ஒரு குறை உண்டு. சிறைப்பட்டவனுக்கு முகமும் பெயரும் பெற்றோரும் உளர். விடப்படுவோரால் பின்னாளில் இறக்கக்கூடியவர்க்கு அன்று பெயரே இல்லை. அவர் சார்பாகப் பேசுவதே மறுப்போர்தம் உண்மையான வாதம். அவ்வாதம் ஹோரேஸின் பாட்டில் இல்லை. ஆகவே சிறைமாற்றை மறுப்போர் அப்பாட்டைத் துணைக்கழைத்தல் பொருந்தாது.

அப்பாட்டைப் பற்றி இன்னும் ஒன்று கூறவேண்டும். அது வெளிவந்த கி.மு. 23-ஆம் ஆண்டிலேயே, தம் வசமிருந்த பார்த்திய மன்னன் மகனை அகஸ்டஸ் திருப்பியனுப்பினார். கிராசஸும் அந்தோனியும் இழந்த கொடிகளையும் சிறையாளரையும் மாற்றாகத் தரவேண்டும் என்பது அதற்கு நிபந்தனை என்று டியோ காசியஸ் எழுதுகின்றார். கி.மு. 20-இல் பார்த்தியர் அவ்வாறே தந்தனர். கொடிகள் வந்த செய்தியை அகஸ்டஸ் நாணயங்களில் பொறித்தார். சிறையாளரும் வந்தனர், நாணத்தால் தம்மைத் தாமே மாய்த்துக்கொண்ட சிலரும், கண்டுபிடிக்க இயலாவாறு அந்நாட்டிலேயே மறைந்து தங்கிவிட்ட சிலரும் மட்டும் வரவில்லை.