முகவரி உள்ள கோபம்

ராப் மெட்டல் என்றாலே இசை ரசிகர்கள் பலர் முகம் சுளிக்கிறார்கள். தொண்டை கிழியும் கத்தல், காதை அறையும் கிட்டார், தொண்ணூறுகளின் தொளதொளத்த கால்சட்டை என இவ்வளவுதான் அவர்கள் நினைவில் தங்கியிருக்கிறது. இந்த இசையின் குறைகள் மெய்யானவைதான். ஆனால் அதன் பலம் எது என்று காது கொடுத்துக் கேட்காதவருக்கு அந்தக் குறைகளின் வேரும் பிடிபடாது.

இதன் தாய்வழி, தந்தைவழி இரண்டுமே உழைக்கும் மக்களின் குடியிருப்புகளில் தொடங்குகின்றன. பர்மிங்ஹாமின் தகட்டுத் தொழிற்சாலை ஒன்றில் வலக்கை விரல் நுனிகள் இரண்டை இழந்த டோனி ஐயோமி, வாசிப்பைக் கைவிடாமல், பின்னாளில் கிட்டார் கம்பிகளைத் தளர்த்திச் சுருதியைத் தாழ்த்தினார். அவருடைய பிளாக் சாபத் குழுவின் கனத்த ஒலியிலிருந்து மெட்டல் வளர்ந்தது. ஜமைக்காவிலிருந்து வந்த கூல் ஹெர்க், 1973இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், இசைத்தட்டில் டிரம்ஸ் தனித்து ஒலிக்கும் சில நொடிகளை மட்டும் திரும்பத் திரும்ப ஓடவிட்டு மக்களை ஆடவைத்தார். அந்தத் தாளத்தின்மேல் பேசிய பேச்சு ராப் ஆயிற்று. இரண்டும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளாக வளர்ந்திருக்க வேண்டியவை. அமெரிக்க வானொலியோ ஒன்றை வெள்ளையர் இசை என்றும், மற்றதைக் கறுப்பர் இசை என்றும் பிரித்து வைத்தது.

அந்தச் சுவரில் 1984இல் ரன்-டிஎம்சி என்ற ராப் குழு முதல் அடி அடித்தது. 1986இல் ராக் குழுவான ஏரோஸ்மித்தோடு சேர்ந்து அது பாடிய பாட்டு இரு தரப்பையும் திரும்பிப் பார்க்க வைத்தது. அதே ஆண்டு ரிக் ரூபின் என்ற ஒரே தயாரிப்பாளர் பீஸ்டி பாய்ஸின் ராப் ஆல்பத்தையும் ஸ்லேயரின் மெட்டல் ஆல்பத்தையும் உருவாக்கினார். 1991இல் மெட்டல் குழுவான ஆந்த்ராக்ஸும் ராப் குழுவான பப்ளிக் எனிமியும் கைகோத்தன. ஆனாலும் இந்த முயற்சிகள் பலவற்றில் ராப்பும் கிட்டாரும் அருகருகே நின்றனவே தவிர ஒன்றில் ஒன்று கரையவில்லை. அந்தக் கலப்பை முழுமையாக்கியது 1992 நவம்பரில் வெளிவந்த ரேஜ் அகெய்ன்ஸ்ட் த மெஷின் குழுவின் முதல் ஆல்பம்.

இந்தக் கலப்பில் ஒரு தொழில்நுட்பச் சிக்கல் உண்டு. கரகரப்பு ஏற்றிய கிட்டார் மனிதக் குரல் ஒலிக்கும் அதே அலைவரிசைகளை அடைத்துக்கொள்ளும். மெட்டல் பாடகர் நீண்ட கார்வையால் அதைத் தாண்டிவிடலாம். ராப்பரால் முடியாது, ஒவ்வோர் அசையும் காதில் விழுந்தாக வேண்டும். ரேஜ் கண்ட தீர்வு அழகானது. சரணத்தில் கிட்டார் ஒதுங்கிப் பேஸுக்கும் டிரம்ஸுக்கும் இடம் விடும், அல்லது துண்டு துண்டாக வெட்டி வாசிக்கும். சொற்கள் அந்த இடைவெளிகளில் விழும். பல்லவியில் எல்லாம் ஒரே நேரத்தில் மோதும். அந்த மோதலுக்காகவே கேட்பவர் உடல் காத்திருக்கும்.

கிட்டார் கலைஞர் டாம் மொரெல்லோ இன்னொரு படி மேலே போனார். ராப் இசையில் டிஜே செய்வதை அவர் கம்பியில் செய்தார். கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்புகளில் ஒன்றை முழு ஒலியிலும் மற்றதைச் சுழியத்திலும் வைத்து, இடையிலுள்ள சுவிட்சைப் படபடவெனத் தட்டி ஒலியை வெட்டினார். கம்பியைக் கையால் தேய்த்து இசைத்தட்டைக் கீறும் சத்தத்தை வரவழைத்தார். 1996இல் வந்த ‘புல்ஸ் ஆன் பரேட்’ பாடலின் தனி வாசிப்பைக் கேட்டவர் அதைக் கிட்டார் என்று எளிதில் நம்பமாட்டார். மெட்டல் கிட்டார் தன் ராக ஆசையை விட்டுக்கொடுத்துத் தாளக்கருவியாகப் பணிந்த தருணம் அது. ராப் மெட்டலின் உண்மையான கலைச் சாதனை என்று நான் கருதுவது இதைத்தான்.

ஒலிக்கு ஈடாகப் பொருளும் ரேஜின் முதல் ஆல்பத்தில் இருந்தது. ராட்னி கிங் என்ற கறுப்பரை லாஸ் ஏஞ்சலீஸ் போலீசார் அடித்த காட்சியை 1991இல் உலகம் பார்த்தது. 1992 ஏப்ரலில் அந்தப் போலீசார் தண்டனையின்றி வெளிவந்தபோது நகரம் எரிந்தது. அதே நகரத்தின் குழு ரேஜ். மொரெல்லோவின் தந்தை கென்யர். பாடகர் சாக் டி லா ரோச்சாவின் தந்தை மெக்சிகோ வழிவந்த ஓவியர். 1963இல் சைகோனில் தீக்குளித்த பௌத்தத் துறவி திக் குவாங் டக்கின் புகைப்படத்தை அந்த ஆல்பத்தின் அட்டையாக்கினார்கள். அதிலுள்ள ‘கில்லிங் இன் த நேம்’ பாட்டை ராப் கவிதையாக மட்டும் எடைபோட்டால் அது ஏழைதான். சில வரிகளே மாறி மாறி வருகின்றன. ஆனால் அது ஊர்வல முழக்கத்தின் இலக்கணத்தில் எழுதப்பட்டது. முணுமுணுப்பில் தொடங்கி அலறலில் முடியும் அந்த ஏற்றம், யாரை எதிர்க்கிறோம் என்பதை ஒரு கணமும் மறப்பதில்லை.

குறைகளில் முதலாவது, இடிந்ததாகக் கருதப்பட்ட அந்த நிறச் சுவர் முழுவதும் இடியவில்லை என்பது. ராப் பாடகர் ஐஸ்-டியின் பாடி கவுண்ட் குழு 1992இல் போலீஸ் வன்முறையை எதிர்த்துப் பாடிய ‘காப் கில்லர்’ பெரும் கண்டனத்துக்கு உள்ளாகி ஆல்பத்திலிருந்தே நீக்கப்பட்டது. அது ராக் பாட்டு என்று ஐஸ்-டி வாதாடியும், பாடியவர் கறுப்பர் என்பதால் பலரும் அதை ராப் என்றே தாக்கினர். ஆனால் தொண்ணூறுகளின் இறுதியில் இதே வடிவத்தில் பெருவிற்பனை கண்ட முகங்கள் பெரும்பாலும் வெள்ளை இளைஞர்களுடையவை. அவர்களில் பலருக்கு ராப்பின் கோபம் கைவந்தது, கைத்திறன் வரவில்லை. அடி முடிவில் ஓர் இயைபு, தாளத்தின்மேல் நேராக விழும் சொல் என்பதோடு நின்றுவிட்டார்கள்.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. லிம்ப் பிஸ்கிட் குழுவின் பாடல்களில் கோபம் பொங்குகிறது, ஆனால் யார்மேல் என்பது தெரிவதில்லை. முகவரி இல்லாத கோபம் அருகில் இருக்கும் எளியவர்மேல் இறங்கும். பெரும்பாலும் அது பெண்ணாக இருக்கும். 1999 ஜூலையில் உட்ஸ்டாக் விழாவில் அவர்கள் வாசித்தபோது கூட்டம் மரப்பலகைகளைப் பெயர்த்தது. விழா முடிவதற்குள் தீவைப்பும் பெண்கள்மீதான பாலியல் வன்முறையும் நிகழ்ந்தன. நிழலற்ற விமானத்தளத்தில், கொளுத்தும் வெயிலில், தண்ணீர்ப் புட்டியை 4 டாலருக்கு விற்ற அமைப்பாளர்களின் பொறுப்பு பெரிது. எல்லாப் பழியையும் ஒரு குழுவின்மேல் சுமத்துவது நேர்மையல்ல. எனினும் அந்தப் பாடல்கள் கூட்டத்தின் வெறிக்குத் தாளம் கொடுத்தன; திசை கொடுக்கவில்லை.

கோபத்தின் முகவரி அரசியலாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. 2000இல் வந்த லிங்கின் பார்க் குழுவின் ‘ஹைப்ரிட் தியரி’ ஆல்பம் அதைக் காட்டியது. மைக் ஷினோடாவின் ராப் நிதானமாக விவரிக்க, செஸ்டர் பென்னிங்டனின் குரல் அதே காயத்தைக் கதறித் திறக்கும். சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானதைப் பென்னிங்டன் வெளிப்படையாகப் பேசியவர். 2017இல் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். பாடல்களின் வார்ப்பு ஒன்றே போலிருக்கிறது, ஒலிப்பதிவு அளவுக்கு மீறி மெருகேறியிருக்கிறது என்ற குற்றச்சாட்டுகளை ஏற்கிறேன். ஆயினும் வலியைச் சொல்லத் தெரியாத லட்சக்கணக்கான இளைஞர்களுக்கு அந்த ஆல்பம் மொழி தந்தது.

முகவரி எழுதிய கோபமும் தவறான கையில் சேரலாம். அமெரிக்கக் குடியரசுக் கட்சியின் துணை அதிபர் வேட்பாளர் பால் ரயன் ரேஜின் ரசிகர் என்று 2012இல் பேசப்பட்டபோது, தாங்கள் எதிர்க்கும் எந்திரத்தின் வடிவமே அவர்தான் என மொரெல்லோ எழுதினார். 2009 கிறிஸ்துமஸில் பிரிட்டனில் எக்ஸ் ஃபேக்டர் என்ற தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியின் ஆதிக்கத்தை எதிர்த்து மக்கள் ‘கில்லிங் இன் த நேம்’ பாட்டை விற்பனைப் பட்டியலின் முதலிடத்துக்கு உயர்த்தினார்கள். ஆனால் அந்தப் பாட்டையும், அது முந்திய எக்ஸ் ஃபேக்டர் வெற்றியாளரின் பாட்டையும் வெளியிட்டவை சோனி குழுமத்து நிறுவனங்களே. தாளம் சொல்லை முந்திக்கொண்டு உடலில் ஏறுவது இந்த இசையின் வரம். சொல்லைக் கேட்காமலே ஆடிவிட முடிவது அதன் சாபம். ஆனாலும் சொல் அங்கே இருந்ததால்தான் மொரெல்லோவால் மறுத்துப் பேச முடிந்தது. சொல் காலியாக இருந்திருந்தால் மறுக்க எதுவும் இருந்திராது.

ஆகவே ராப் மெட்டலை அதன் உரத்த ஒலிக்காகப் புகழவும் வேண்டாம், பழிக்கவும் வேண்டாம். இந்தக் கோபம் யாரை நோக்கி, அதைச் சொல்லும் உரிமை எங்கிருந்து என்று ஒவ்வொரு பாட்டிடமும் கேட்க வேண்டும். இந்தோனேசியாவின் கருட் பகுதியிலிருந்து வந்த வாய்ஸ் ஆஃப் பேசெப்ரோட் குழுவில் ஹிஜாப் அணிந்த மூன்று இளம்பெண்கள் இருக்கிறார்கள். அவர்களின் இசையில் ரேஜின் தாக்கம் வெளிப்படை. பெண்ணுடல் பொதுச்சொத்து அல்ல என்று அவர்கள் பாடும்போது, உட்ஸ்டாக்கில் பெண்களுக்கு எதிராகத் திரும்பிய அதே ஒலி பெண்ணின் வாதமாகிறது. கருவியில் குற்றமில்லை என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.