அயர்லாந்தில் ஐரிஷ் மொழி வழி அரசுச் சேவை: ஒரு விமர்சனப் பார்வை

அயர்லாந்தின் 1937ஆம் ஆண்டு அரசியலமைப்பு, 8ஆம் உறுப்பில் ஐரிஷை நாட்டின் தேசிய மொழியாகவும் முதல் ஆட்சி மொழியாகவும் அறிவிக்கிறது. ஆங்கிலத்துக்கு இரண்டாம் இடமே. அரசியலமைப்பின் இரு மொழி வடிவங்களுக்கிடையே முரண் எழுந்தால் ஐரிஷ் வடிவமே செல்லும். ஏட்டளவில் ஒரு மொழிக்கு இதைவிட உயர்ந்த இடம் அரிது. ஆயினும், அரசு அலுவலகத்தின் சேவை முகப்பில் ஐரிஷில் பேசத் தொடங்கும் ஒருவருக்கு, அதைப் புரிந்துகொள்ளும் அலுவலர் எதிரே இருப்பார் என்ற உறுதி இல்லை.

1974 வரை குடிமைப் பணியில் சேர ஐரிஷ் அறிவு கட்டாயமாக இருந்தது. கட்டாயம் மனக்கசப்பையும் வளர்த்தது என்பது உண்மையே. ஆனால் அதை நீக்கியபோது, ஐரிஷில் சேவை வழங்கப் போதிய ஆட்கள் எங்கிருந்து வருவார்கள் என்ற கேள்விக்கு விடை காணப்படவில்லை. மொழி அறிந்தோருக்குக் கூடுதல் மதிப்பெண் தரும் ஏற்பாடும் பெரிய பயன் தரவில்லை.

சட்ட நூல்களின் நிலையும் இதுவே. சாலைப் போக்குவரத்துக் குற்றச்சாட்டுக்கு உள்ளான ஒருவர், ஐரிஷில் வாதாட விரும்பி, தொடர்புடைய சட்டங்களின் அதிகாரப்பூர்வ ஐரிஷ் வடிவத்தைக் கேட்டார். அது இல்லை. மொழிபெயர்ப்பு வழங்குவது அரசின் அரசியலமைப்புக் கடமை என்று உச்ச நீதிமன்றம் 2001இல் கூறிய பிறகே, 2003இல் ஆட்சி மொழிகள் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு மொழி ஆணையர் பதவி உருவானது.

2003 சட்டத்தின் பலவீனம் அதன் அமைப்பிலேயே இருந்தது. ஒவ்வொரு பொது நிறுவனமும் தான் எவ்வளவு சேவையை ஐரிஷில் தரும் என்பதை அமைச்சருடன் பேசி, மூன்றாண்டுத் திட்டமாக ஒப்புக்கொள்ள வேண்டும். தேர்வெழுதும் மாணவனையே வினாத்தாளைத் தயாரிக்கச் சொன்ன கதைதான். மறுபுறம், ஆண்டறிக்கைகளையும் தணிக்கைக் கணக்குகளையும் இரு மொழிகளிலும் வெளியிடுவது கட்டாயமானது. யாரும் அதிகம் புரட்டாத அறிக்கை ஐரிஷில் கிடைத்தது. ஓய்வூதியம் பற்றிக் கேட்க வந்த மூதாட்டிக்குப் பதில் ஆங்கிலத்தில் கிடைத்தது. முன்னுரிமையே தலைகீழானது எனலாம்.

முதல் ஆணையர் ஷான் ஓ குரான் 2013 டிசம்பரில் பதவி விலகலை அறிவித்தார். கல்வித் துறையில் ஐரிஷில் பணியாற்றக்கூடிய ஊழியர் விகிதம் 1.5%இலிருந்து 3% ஆக உயர, அன்றைய வேகத்தில் 28 ஆண்டுகள் பிடிக்கும் என்று அவர் சுட்டிக்காட்டினார். எல்லாப் பள்ளிகளுக்கும் ஐரிஷ் பாடத்தை வகுக்கும் துறை அது.

'கேட்பவர்கள் குறைவு' என்பது வழக்கமான மறுமொழி. 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 18,73,997 பேர் ஐரிஷ் பேசத் தெரியும் என்றனர். கல்விக்கூடத்துக்கு வெளியே நாள்தோறும் பேசுவோர் 71,968 பேர். இந்த வேறுபாடு பெரிதுதான். ஆனால் முகப்பில் நிற்பவர், தம் வேலை தாமதமின்றி முடிய வேண்டும் என்றே எண்ணுவார். இரண்டு முறை கேட்டுக் கிடைக்காவிட்டால் மூன்றாம் முறை ஆங்கிலத்திலேயே தொடங்குவார். பிறகு அந்த மௌனமே தேவையின்மைக்குச் சான்றாகக் காட்டப்படுகிறது.

பெயர் எழுதுவதிலும் சிக்கல் உண்டு. ஐரிஷில் உயிரெழுத்தின் மேல் இடும் சாய்கோடு, தமிழின் நெடிலைப் போல ஓசையை நீட்டும். கோடு இருந்தால் 'ஷான்' என்ற ஆள்பெயர்; இல்லையென்றால் 'ஷன்', அதாவது 'பழைய'. இக்கோட்டை ஏற்காத அரசுக் கணினிகள் குடிமக்களின் பெயரையே மாற்றிவிட்டன. இதற்கான விதி 2021 சட்டத் திருத்தத்தில்தான் இடம்பெற்றது.

அத்திருத்தம் 2030 முடிவுக்குள் பொதுப் பணிக்குப் புதிதாகச் சேர்வோரில் 20% பேர் ஐரிஷ் அறிந்தவர்களாக இருக்க இலக்கு வைக்கிறது. இது உண்மையான முன்னேற்றமே. எனினும் புதிதாகச் சேர்வோரில் 20% என்பது மொத்த ஊழியரில் 20% ஆகாது. கேல்டாக்ட் எனப்படும் ஐரிஷ் பேசும் பகுதிகளில் எந்த முகப்பில் யார் அமர்வார் என்பதையும் அந்த எண் சொல்லவில்லை. மேலும், நாள்தோறும் ஐரிஷ் பேசுவோரில் பெரும்பகுதியினர் இன்று அப்பகுதிகளுக்கு வெளியே வாழ்கின்றனர்.

2022 ஜனவரி 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் ஐரிஷ் முழுமையான அலுவல் மொழியாகிவிட்டது. அதற்கான மொழிபெயர்ப்பாளர்களை ஆண்டுக் கணக்கில் திட்டமிட்டுத் தேடிச் சேர்த்தனர். டொனகலிலும் கோல்வேயிலும் உள்ள உள்ளூர் அலுவலகங்களுக்கு அவ்வாறு ஆள் தேடும் பணி இன்னும் தொடக்க நிலையிலேயே இருக்கிறது.