எர்த் ஒயர் இல்லாத ஆணி

விமான பேட்டரியைப் பற்றிப் பேச்செடுத்தால், "அதான் எஃகுப் பெட்டி போட்டாச்சே, இன்னும் என்ன?" என்கிறார்கள் பொறியாளர் நண்பர்கள். சென்னையிலேயே மின்சார விமானம் செய்ய முனைந்திருக்கும் நேரத்தில் இந்தப் பதில் எனக்கு ரொம்பவே உறுத்துகிறது.

பேட்டரிச் சோதனைக்கூடக் கட்டுப்பாட்டை நான் குறை சொல்லவில்லை. மோதிரம், வாட்ச் கழற்றாமல் உள்ளே விட மாட்டார்கள். ஈய-அமில பேட்டரிக்கு ஓர் அறை, நிக்கல்-காட்மியத்துக்கு வேறு அறை. ஒன்றின் கருவி மற்றதைத் தொடக் கூடாது; அமிலம் பட்டால் காரம் கெடும். லித்தியம் செல்லில் ஆணி ஏற்றும்போது ஆள் சுவருக்கு அப்பால் நிற்பார். எல்லாம் சரிதான். சோதிப்பவர் பத்திரம், பறப்பவர்?

2013 ஜனவரி 7 அன்று பாஸ்டனில் பயணிகள் இறங்கிப்போன ஜப்பான் ஏர்லைன்ஸின் போயிங் ட்ரீம்லைனர் விமானத்தில் பேட்டரி எரிந்தது. ஒன்பதாம் நாள் ஆல் நிப்பான் விமானம் ஒன்று புகை வாடையோடு டகமட்சுவில் அவசரமாக இறங்கியது. உலகில் அன்று ஓடிய ஐம்பது ட்ரீம்லைனர்களும் நின்றன. ஏர் இந்தியாவின் ஆறும் அதில் சேர்த்தி. ஒரு கோடி பறப்பு மணிக்கு ஒருமுறைகூடப் புகையாது என்று போயிங் கணக்குப் போட்டிருந்தது. 52,000 மணி ஆவதற்குள் இரண்டு!

கணக்கு எங்கே பிசகியது? செல்லுக்குள் ஷார்ட் ஆனால் என்ன ஆகும் என்று பார்க்க ஆணி ஏற்றினார்கள். புகை வந்தது, பக்கத்துச் செல்லுக்குப் பரவவில்லை. அதையே நம்பிவிட்டார்கள். விபத்துக்குப் பிறகு ஜப்பானிய விசாரணையில் அதே ஆணியை மறுபடி ஏற்றினார்கள். இந்த முறை விமானத்தில் இருப்பதுபோல் பேட்டரிப் பெட்டிக்கு எர்த் கொடுத்து. சூடு செல்லுக்குச் செல் தாவியது. ஒயரைக் கழற்றினால் தாவவில்லை. ஒரே ஒரு ஒயர்! மேசைமேல் தனியாக வைத்த பேட்டரி, தான் மட்டும் ஒழுங்காக நடந்துகாட்டியது. எனக்கு இது கவனக்குறைவாகத் தெரியவில்லை. பத்திரமாகச் சோதிக்கிறோம் என்ற பெயரில் விமானத்தையே சோதனையிலிருந்து வெளியேற்றிவிடும் பழக்கம்.

அப்புறம் வந்தது, நண்பர்கள் சொல்லும் அந்த எஃகுப் பெட்டி. எரிந்தால் புகை வெளியே போய்விடும், நல்ல ஏற்பாடு. 2014இல் நரிட்டாவில் ஒரு செல் மறுபடி புகைந்தபோது பெட்டி தன் வேலையைச் செய்தது. ஷார்ட் ஏன் ஆனது என்பதற்கு மட்டும் இன்றுவரை உறுதியான விடை இல்லை. வீட்டில் பாம்பு புகுந்ததற்குக் கூடை வாங்கி வைத்தது போலத்தான். 2017இன் டிஓ-311ஏ என்ற விமான பேட்டரித் தரநிலை சோதனையைக் கடுமையாக்கியது, மறுக்கவில்லை. அதையும் மேசையிலேயே முடித்துவிட்டால் பழைய கதைதான்.

பாஸ்டன், டகமட்சு, நரிட்டா: மூன்றும் ஜனவரி. குளிரையும் சோதனைக்குள் கூட்டிவர வேண்டாமா?

இங்கே மலைமேல் கரடியூர் வியூபாயிண்டில் கல்யாண வீடியோவுக்கு ட்ரோன் விடும் தம்பி ஒருவர், மணல் போட்ட மண்பானையில் வைத்துத்தான் பேட்டரிக்குச் சார்ஜ் போடுவார். "ரூம்ல சமத்தாத்தான் இருக்கும் சார். மேல போனாத்தான் குணம் தெரியும்." பனிமூட்டம் விலகும்வரை பேட்டரியை ஸ்வெட்டருக்குள் அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றார்.