மாலையும் மானியமும்

வன்னியிலிருந்து கன்னடப் பட விருதுகளைப் பற்றி எழுதுவானேன் என்று வாசகர் கேட்கக்கூடும். காரணம் உண்டு. பெரியதொரு சந்தையின் நிழலில் வளரும் சிறிய சினிமாவை அரசு எவ்வாறு பேணலாம், எவ்வாறு பாழாக்கலாம் என்ற இரண்டையும் அங்கு காணலாம்.

அறுபதுகள் வரை கன்னடப் படங்களுட் பெரும்பாலானவை சென்னைக் கலையகங்களிலேயே உருவாயின. பெங்களூர்ப் படமாளிகைகளில் தமிழும் தெலுங்கும் இந்தியும் கோலோச்சின. அந்நாளில் மைசூர் என வழங்கிய அம்மாநிலம் 1966-67இல் விருதளிக்கத் தொடங்கிற்று. அறுபதுகளின் பிற்பகுதியில் மாநிலத்துக்குள் தயாரான படங்களுக்குப் பண மானியமும் கொடுத்தது. மாலையைவிட மானியமே உயிரூட்டிற்று என்பது நமது கணிப்பு. தணிக்கையாளரின் தடையைத் தாண்டி வந்த 'சம்ஸ்காரா' (1970) இந்தியாவின் சிறந்த படமெனத் தேசிய விருது பெற்றது. 'சோமன துடி' (1975), 'கடசிராத்த' (1977) ஆகியனவும் அப்பெருமையை எய்தின. மூன்றுமே சாதியையும் வைதிக ஆசாரத்தையும் நேர்நின்று விசாரித்தவை.

இன்றைய நிலை என்ன? 2019ஆம் ஆண்டுப் படங்களுக்கான கர்நாடக விருதுகள் 2025 சனவரியிலேதான் அறிவிக்கப்பட்டன. பெருந்தொற்றைக் காரணங்காட்டலாம், ஆறாண்டுக்கு அது போதாது. சிறந்த நடிகராகத் தெரிவான சுதீப், தகுதியுள்ள வேறொருவருக்கு அது செல்லட்டும் என மறுத்துவிட்டார். புகழ்பெற்றவர் மறுக்கலாம், கடன்பட்டு முதற்படம் எடுத்தவன் என்ன செய்வான்? தமிழ்நாட்டைச் சொல்லவே வேண்டாம். 2009 முதல் 2014 வரையிலான விருதுகள் 2017இல் அறிவிக்கப்பட்டு, 2022இலேதான் கைக்கு வந்தன!

ஈழத்துத் தமிழ்ச் சினிமாவும் சென்னைப் படங்களின் நிழலிலேயே முளைத்தது. சிங்களவரான தர்மசேன பத்திராஜ, காவலூர் இராசதுரையின் எழுத்தைக் கொண்டு யாழ்ப்பாணத்துச் சாதியமைப்பைப் படமாக்கிய 'பொன்மணி' (1977), சென்னைப் படங்களிற் பழகிய நமது இரசிகரின் ஆதரவைப் பெறவில்லை. அது நமது வெட்கம். ஆனால் இரசிகரை மட்டும் குறைகூறுவது எளிது. அத்தகைய படத்தைத் தாங்கி நிற்கும் ஏற்பாடு எதுவும் அன்று இருக்கவில்லை.

போருக்குப் பின் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் இளைஞர் குறும்படம் எடுக்கின்றனர். மாகாணமோ கொழும்போ நாளை விருதொன்றை அறிவிக்குமாயின், பொன்னாடைக்கும் கேடயத்துக்கும் ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியையேனும் கமெரா வாடகைக்கும், எடுத்த படத்தைப் பாடசாலை மண்டபங்களில் திரையிடுவதற்கும் ஒதுக்குமாறு ஆசிரியரும் மாணவரும் இப்போதே கேட்டுவைக்க வேண்டும்.