தனிமனிதனும் இனமும்

பிலிப் சான்ட்ஸ் 2016இல் வெளியிட்ட ‘ஈஸ்ற் வெஸ்ற் ஸ்ரீற்’ என்னும் நூல், லெம்பேர்க் நகரிற் சட்டம் பயின்று புலம்பெயர்ந்த சட்ட அறிஞர் இருவரை ஒப்புநோக்குகின்றது. இங்கிலாந்து சென்ற லோட்டர்பாக்ட் தனிமனிதனின் உரிமைக்கு வாதாடினார். அமெரிக்கா சென்ற லெம்கின் இனப்படுகொலையைக் குறிக்கும் ‘ஜெனசைட்’ என்னும் சொல்லை 1944இல் வழங்கினார். இருவருமே தம் உறவினர் பலரை நாசிகளின் கொடுமைக்குப் பலிகொடுத்தவர்கள். ஆதலின் இவ்விவாதம் வெறும் ஏட்டளவினதன்று. இனத்தை முன்னிறுத்துவது பகைமையை வளர்க்கும் என்னும் லோட்டர்பாக்டின் அச்சத்தை ஆசிரியர் நேர்மையுடன் எடுத்துரைக்கின்றார். எனினும், இன்ன இனத்தவர் என்பதனாலேயே கொல்லப்பட்டோருக்கு, அவ்வினத்தைச் சுட்டாது நீதி வழங்குதல் எங்ஙனம்? புதைகுழியின் முன் நிற்கும் ஆசிரியர் லெம்கினின் தர்க்கத்தைக் கணநேரமே உணர்கின்றார். அக்கணத்தை மேலும் ஆராயாது விடுத்தமையே இச்சிறந்த நூலின் குறை எனலாம்.