பெயரும் முடிவும்: ‘அம்பிகாபதி’ திரைப்படத்தின் மாற்றுப்பாடம்

ஆனந்த் எல். ராய் இயக்கிய ‘ராஞ்சனா’ என்னும் இந்தித் திரைப்படம் 2013இல் தமிழில் ‘அம்பிகாபதி’ எனும் பெயரில் வெளியாயிற்று. காதலின்பொருட்டுக் கொலையுண்டவனாக மரபுக்கதை கூறும் கம்பர் மகனின் அப்பெயரே நாயகனின் இறப்பை முன்னுணர்த்தி நிற்கிறது. 01.08.2025இல் ஈராஸ் நிறுவனம், செயற்கை நுண்ணறிவின் துணையால் அந்நாயகனை உயிர்பிழைக்கச் செய்து தமிழ்ப்படத்தை மறுவெளியீடு செய்தது. அதனை மாற்று முடிவு என்றும் விளக்கியது. தம் ஒப்புதலின்றிச் செய்யப்பட்டதென இயக்குநர் கண்டித்தார். நாயகனாக நடித்த தனுஷும் படத்தின் ஆன்மா பறிக்கப்பட்டதாக வருந்தினார்.

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமோ தயாரிப்பாளரையே திரைப்படத்தின் ஆசிரியராகக் கொள்கிறது. எனவே சட்டம் இயக்குநருக்குத் துணைநிற்பது அரிது, பனுவல் துணைநிற்கிறது. சுவடிப் பதிப்பில் முன்பின் முரண் இடைச்செருகலைக் காட்டிக்கொடுக்கும். அவ்வளவுகோலின்படி, பெயரோடு முரணும் இப்புதிய முடிவும் இடைச்செருகலே. உரிமையாளரே செருகினும் அது மூலபாடமாகாது.