சாட்சியாக வந்த மண்

1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பொன்றைச் சட்ட நூலாக மட்டுமன்றி, மண்ணைப் பற்றிய நூலாகவும் நாம் படிக்கலாம். தோல் தொழிற்சாலைக் கழிவுகளுக்கு எதிராக வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் நீதிபதி குல்தீப் சிங் எழுதிய தீர்ப்பு அது.

அது பேசும் நிலத்தை அறிய, ஜவ்வாது மலையிலிருந்து வடக்கே நோக்க வேண்டும். கீழே பாலாற்றுப் பள்ளத்தாக்கு. அங்கே வாணியம்பாடி, ஆம்பூர் எனும் தோல் தொழில் நகரங்கள். இவ்வட்டாரத்தின் பாறை கடினமானது. சிதைந்த மேலடுக்கிலும் வெடிப்புகளிலுமே நீர் தங்கும். மலைகள் தேய்ந்து ஆற்றுக்கு அளித்த மணலே பெரிய நீர்க்களஞ்சியம். மேலே வறண்டு கிடக்கும் ஆற்றில், மணலுக்கடியில் நீர் நகரும். ஆதலால் ஆற்றில் விட்ட உப்பும் நஞ்சும் கிணறுகளைச் சென்றடையும். பாலாற்றை வெறும் வடிகாலாகக் கருதியோர் இவ்வெளிய உண்மையை எண்ணிப் பார்க்கவில்லை.

நீதிமன்றம் எண்ணிப் பார்த்தது. ஒரு கிலோ தோலைப் பதப்படுத்த ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாவதையும், ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ பாழானதையும் பதிவு செய்தது. இவற்றினும் மேலாக, அறிவியல் உறுதி போதவில்லை என்பதைச் சாக்காகக் கொள்ளலாகாது என்றது; தீங்கில்லையென மெய்ப்பிக்கும் சுமையைத் தொழில் நடத்துவோர்மீது வைத்தது. ஆய்வாளரின் ஐயத்திற்கு உழவர் விலை கொடுக்க வேண்டியதில்லை என்பதே இதன் பொருள். தீர்ப்பின் பெருமை இங்கேதான் உள்ளது.

ஆயினும், இத்தீர்ப்பில் மண் சாட்சியாகவே வருகிறது. சாட்சியை அழைப்பது குற்றம் நிகழ்ந்த பின்னர்தானே! இழப்பீட்டையும் பாலாற்றின் சீரமைப்பையும் குறித்து 2025 சனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் ஆணையிட நேர்ந்தது. இடையில் கழிந்தவை 28 ஆண்டுகள். நீதிமன்றம் இழப்பைக் கணக்கிடலாம். பாறை வெடிப்பினுள் இறங்கிய உப்பை வெளியே எடுக்க இயலுமோ?

எனவே, நிலவியலாரின் சொல் உரிமம் வழங்குமுன் கேட்கப்பட வேண்டும். சுற்றுச்சூழல் ஆய்வு, தொழில்திட்டம் வகுத்த பின் வரலாகாது என்றும், அவ்விடத்து மக்களுக்கு அவ்விவாதத்தில் தனியிடம் வேண்டும் என்றும் திருத்தந்தை பிரான்சிசு 2015இல் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ திருமடலும் வலியுறுத்துகிறது. அறிவியலாரே ஆள வேண்டும் என்பதன்று இதன் கருத்து. ஆள்வோர் அறிந்து முடிவெடுக்க வேண்டும் என்பதே.

இனி இம்மலையடிவாரத்தில் ஓர் ஆலைக்கோ கல் குவாரிக்கோ அனுமதி கேட்கப்படுமானால், “எங்கள் கிணற்றுக்கு நீர் எவ்வழியே வருகிறது?” என்பதே முதல் கேள்வியாக எழட்டும். கிராம சபையில் அதைக் கேட்க எந்தப் பட்டமும் தேவையில்லை.